முதல் வாரக் கலக்கம்

"மணி அடிச்சுக்கிட்டே இருக்கு மிசியே, எடுக்கத்தான் ஆள் இல்ல," என்றாள் தபால் நிலையத்து மதாம் ஓர்தான்ஸ், காதில் மாட்டியிருந்த தொலைபேசிக் கருவியைக் கழற்றாமலே.

"இன்னொரு தடவை போடுங்க."

"இதோட எத்தனை இன்னொரு தடவை ஆச்சு? காலையிலேர்ந்து இந்த லைன்ல வேற யாரும் பேச முடியல."

அன்செல்ம் பொர்தனாவ் கட்டணம் வாங்கும் சன்னலின் கண்ணாடியில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றார். உடம்பில் வெள்ளைக் குளியல் அங்கி. காலில் மரச்செருப்பு. காதுக்குப் பின்னால் காயாத சேறு. வேறு ஊராக இருந்தால் நாய் துரத்தியிருக்கும். லூஷோனில் நாய்களுக்குக்கூட இது பழகிப்போன கோலம். மலையிலிருந்து வரும் கந்தகத் தண்ணீரில் ஊற வந்தவர்கள்தான் அந்த ஊரில் பாதிப் பேர்.

அவர் கீழே சமவெளியில், கஸ்தெல்வியலில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணி, பூட்டு, கோடரி, எலிப்பொறி என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். ஒரு திருகாணி இடம் மாறினாலும் மனிதருக்குச் சோறு இறங்காது. ஓரிடத்தில் உட்காரவும் தெரியாது. சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய்க் கதவுக்கீலுக்கு எண்ணெய் விட்டு வருவார். மனைவி மத்தில்ட் சூப் கிண்டினால் பக்கத்தில் நின்று எந்தப் பக்கமாகக் கிண்ட வேண்டும் என்று சொல்வார். எல்லாம் அன்பினால்தான். அன்பில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அப்படிப்பட்டவரைத்தான், போன வாரம் மத்தில்டின் நாடி பார்க்க வீட்டுக்கு வந்திருந்த டாக்டர் லகாஸ் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "லூஷோன் போங்க. மூணு வாரம்," என்று சொல்லிவிட்டார். அந்தப் பக்கத்தில் டாக்டர் ஊற்றுக்குப் போ என்றால் போக வேண்டியதுதான், மறுபேச்சு கிடையாது. தொண்டையோ, முட்டியோ, நரம்போ, எல்லாவற்றுக்கும் மூன்று வாரம். தனக்கு என்ன வியாதி என்று கேட்க அன்செல்முக்குத் தைரியம் வரவில்லை. ஒரே நிமிஷத்தில் கண்டுபிடிக்கக்கூடிய வியாதி என்றால் அது முற்றிப்போன வியாதியாகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னிக்குச் சந்தை நாள் மதாம்! கடையில கூட்டம் அம்மும். அவ ஒத்தை ஆளா நிக்கிறா."

"அப்ப வேலையா இருப்பாங்க."

"எவ்வளவு வேலையா இருந்தாலும் எடுப்பா. எடுக்கலன்னா ஏதோ ஆயிடுச்சு."

மதாம் ஓர்தான்ஸ் அவரைக் கனிவோடு பார்த்தாள். "எத்தனாவது வாரம் நீங்க?"

"முதல் வாரம். ஏன்?"

"அதானே பார்த்தேன். முதல் வாரக் கலக்கம். தண்ணி வேலை செய்யுது."

லூஷோனில் எதற்கும் இதுதான் பதில். தண்ணீர் முதல் வாரத்தில் உள்ளே போய் வியாதியைக் கிளப்பிவிடுமாம், அப்புறம்தான் அடக்குமாம். தலைவலியா, தண்ணி வேலை செய்யுது. தூக்கம் வரவில்லையா, தண்ணி வேலை செய்யுது. ஓட்டல் அறை ஒழுகுகிறது என்று புகார் சொன்னாலும் அதே பதில்தான் வரும். முதல் வாரக்காரன் பேச்சை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இதற்குள் குளியல் மண்டபத்து ரேமோன்ட் வந்துவிட்டாள். மல்யுத்தக்காரன் தோள் அவளுக்கு.

"சேத்துத் தொட்டியிலேர்ந்து இப்படி எழுந்து ஓடியாந்தா எப்படி மிசியே? போர்வையைப் போத்திக்கிட்டு அசையாம படுக்கணும்ல?"

"என் மனைவி..."

"மனைவி எங்கயும் போயிட மாட்டாங்க. வாங்க."

ஓய்வு மண்டபத்தில் முப்பது பேர் போர்வைக்குள் கண்மூடிக் கிடந்தார்கள். பேசக்கூடாது, புரளக்கூடாது. அன்செல்ம் படுத்தார். கால் கட்டைவிரல் ஆடியது. அதை அடக்கினார், முழங்கால் ஆடியது. முழங்காலை அடக்கினார், கட்டில் கிறீச்சிட்டது. இதற்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டால் போதுமே என்று தோன்றியது. எண்ணெய் என்றதும் கடை ஞாபகம், கடை என்றதும் மத்தில்ட். ரேமோன்ட் அந்தப் பக்கம் திரும்பியதும் போர்வையை உதறிவிட்டு ஓடினார்.

இந்தத் தடவை தபால் நிலையத்தில், தன் கடைக்கு எதிரிலிருக்கும் கஃபேக்கு லைன் கேட்டார். முதலாளி பரேர் எடுத்தான்.

"பரேர், எதிர்ல என் கடையைக் கொஞ்சம் பாருப்பா. கூட்டம் எப்படி?"

"கூட்டமா? கதவே சாத்தியிருக்கு."

"எந்தக் கதவு?"

"உன் கடைக் கதவுதான். பலகைகூட மாட்டியிருக்கு. காலையிலேர்ந்து ஆளாளுக்குத் தட்டிப் பார்த்துட்டுப் போறாங்க. நீ செத்துட்டியான்னு ஒருத்தர் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"விசாரிச்சுச் சொல்றேன்னேன்."

யுத்த காலத்தில்கூட அந்தக் கடை சந்தை நாளில் மூடியது கிடையாது. மத்தில்ட் பரணில் எதையோ எடுக்க ஏறியிருப்பாள். ஏணியின் மேல்படி ஆடும். ஆடும் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தாரா? விழுந்து கிடக்கிறாள், கூப்பிடுகிறாள், இவரோ இங்கே எருமை மாதிரி சேற்றில் கிடந்திருக்கிறார். அவள் இல்லாவிட்டால் அந்தக் கடை எதற்கு, ஆணி எதற்கு, ஒழுங்கு எதற்கு?

மத்தில்டின் தம்பி ஃபுல்பேரைக் கூப்பிட்டார். ஃபுல்பேர் முடிவெட்டுகிறவன். அதோடு ஊர்த் தீயணைப்புப் படைத் தொண்டனும்கூட. ஊரில் ரொம்ப நாளாக எதுவும் பற்றி எரியாததில் அவனுக்கு மனக்குறை.

"உன் அக்கா உள்ள விழுந்து கிடக்கான்னு நினைக்கிறேன்டா. போய்ப் பாரு. பதறாம, பக்குவமா."

"பக்குவமா முடிச்சுடறேன் அத்தான்!" அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கருவியை வைப்பதற்குள் தீயணைப்புச் சங்கு ஊதுகிற சத்தம் இந்தப் பக்கம் வரை கேட்டது.

அன்செல்ம் கட்டணச் சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், "முதல் வாரமா?" என்று கேட்டுவிட்டு, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, போன வருஷம்," என்று ஆறுதல் சொன்னார். மணி அடித்தது.

"அத்தான், உங்க கடைக்குள்ளேர்ந்துதான் பேசறேன்!"

"கதவைத் திறந்துட்டியா?"

"திறந்தோம். இப்ப கதவு இல்ல."

"அக்கா?"

"அக்காவும் இல்ல. பரண், நிலவறை, மாடி எல்லாம் பார்த்தாச்சு."

பின்னால் ஒரே இரைச்சல். "அது என்னடா சத்தம்?"

"கடை திறந்துடுச்சுன்னு ஜனங்க உள்ள வந்துட்டாங்க. அத்தான், இந்த ரெண்டு அங்குல ஆணி என்ன விலை?"

"டேய், அக்காவைத் தேடுடா!"

"தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. வண்டியை ஆத்தங்கரைக்கு அனுப்பியிருக்கேன்."

"ஆத்தங்கரைக்கு எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்."

அன்செல்ம் கருவியைத் தொங்க விட்டுவிட்டு ஓடினார். வீதி நெடுக மரங்களின் பூ வாசம் கந்தகத்தோடு கலந்து வந்தது. அவர் மூக்கில் எதுவும் ஏறவில்லை. மரச்செருப்பில் ஒன்று சதுக்கத்தில் கழன்றது. எடுக்க நிற்கவில்லை. ரயில் நிலையத்தில் வண்டி புறப்படத் தயாராகப் புகை விட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு டிக்கெட்! சீக்கிரம்!"

நிலைய அதிகாரி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். அங்கி. ஒற்றைச் செருப்பு. சேறு.

"எத்தனாவது வாரம்?"

"ஐயா, என் மனைவியைக் காணோம்! ஆத்துல தேடறாங்க!"

"முதல் வாரம்தான்," என்றார் அதிகாரி, பக்கத்திலிருந்தவரிடம். "வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வந்துடறாங்க. போன தடவை ஒருத்தர் வீடே பத்தி எரியுதுன்னாரு. உக்காருங்க ஐயா, அடுத்த வண்டி உங்களுக்காகவே வருது."

வந்தது வண்டிதான். சக்கர நாற்காலி. தள்ளிக்கொண்டு வந்தவள் ரேமோன்ட். ரயில் கூவிக்கொண்டு கிளம்பிப் போனது; அன்செல்ம் அதற்கு எதிர்த்திசையில் தள்ளப்பட்டார். எழ முயன்றபோதெல்லாம் அவர் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு நிஜமாகவே அழுதார். தெருவில் போனவர்கள் தொப்பியைத் தொட்டு, "நல்லா வேலை செய்யுது தண்ணி," என்று ரேமோன்டைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தபால் நிலைய வாசலில் மதாம் ஓர்தான்ஸ் கையை ஆட்டினாள். "மிசியே பொர்தனாவ்! கஸ்தெல்வியல் லைன்ல இருக்கு!"

ரேமோன்ட் நாற்காலியோடு உள்ளே தள்ளிப் போனாள்.

"அத்தான், அக்கா கிடைச்சுட்டா!"

"உயிரோடயா?"

"ஒண்ணும் ஆகல. தோட்டத்துக் கோடியில, அத்திமரத்தடியில, சாய்வு நாற்காலி போட்டுத் தூங்கிக்கிட்டிருந்தா. நாங்க அங்க மட்டும் பார்க்கல."

"சந்தை நாள்ல தூக்கமா? அப்ப உடம்புக்கு ஏதோ வந்திருக்குடா! எழுப்பினீங்களா?"

"எழுப்பினோம். கதவு உடைச்ச விஷயத்தைச் சொன்னோம். உடனே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, 'அவர் வந்துட்டாரா?'ன்னுதான் முதல்ல கேட்டா."

அன்செல்மின் கண் மறுபடி நிறைந்தது. "பாவம்டா. என்னை நினைச்சே ஏங்கிப் போயிருக்கா."

"இப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதாம். டாக்டர் லகாஸ் வந்து நாடி பார்த்துக்கிட்டிருக்கார்."

"அவர்கிட்ட குடு!"

கருவி கைமாறும் சத்தம் கேட்டது. அன்செல்ம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரேமோன்டின் கையைத் தோளிலிருந்து விலக்கினார்.

"டாக்டர், நான் இப்பவே கிளம்பறேன். என் வியாதி எக்கேடு கெட்டாலும் சரி. முத்தினா முத்தட்டும். அவ பக்கத்துல ராத்திரி பகலா நான் இருந்தாத்தான் அவளுக்குக் குணமாகும்!"

மறுமுனையில் டாக்டர் லகாஸ் பெருமூச்சு விட்டார்.

"தயவு செஞ்சு அங்கேயே படுத்திருங்க மிசியே பொர்தனாவ். உங்களுக்கு ஒரு வியாதியும் கிடையாது. நீங்க லூஷோன்ல மூணு வாரம் இருக்கணும்னு நான் எழுதிக் கொடுத்தது, உங்க வீட்டம்மாவோட படபடப்புக்கு."