இருபத்து நான்கு ஊறுகாய்

பெட்டியைத் திறந்ததும் உருளைக்கிழங்கு வாசனை அடித்தது.

ஆர்லின் ஸ்க்ராபெக் மூடியைச் சாத்தினார். கண்ணை மூடி மூன்று எண்ணினார். மறுபடியும் திறந்தார். அதே உருளைக்கிழங்குதான். அதன் கீழே கொத்துக்கறி, அதற்கும் கீழே பீன்ஸ். மொத்தம் பன்னிரண்டு தட்டு ஹாட்டிஷ், அவர் ஊர்ப் பெண்கள் அடுப்பில் சுட்டெடுக்கிற அடுக்குச் சாப்பாடு.

அந்தப் பெட்டியில் இருந்திருக்க வேண்டியவை இருபத்து நான்கு பட அட்டைகள்.

மணி காலை ஒன்பது. இடம் அலபாமாவின் மொபீல் நகர மைதானம். ஒரு மணிக்கு ஊறுகாய் பவுல் ஆட்டம், அதாவது ஒரு வெள்ளரி ஊறுகாய் கம்பெனி நடத்துகிற அமெரிக்கக் கால்பந்துக் கோப்பை ஆட்டம். பிர்ச் லேக் கல்லூரியின் நீர்நாய்கள் அணி பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒரு பவுல் ஆட்டத்துக்கு வந்திருக்கிறது. அதன் சாமான் அறைக்குப் பொறுப்பாளர் ஆர்லின். அட்டைகளோ இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, மினசோட்டாவில்.

எப்படி நடந்தது என்று அவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. லாரி கிளம்பும் நேரத்தில் தேவாலயத்து மாதர் சங்கம் தட்டுகளோடு வந்து நின்றது. "பசங்க அங்க போயி என்னத்த சாப்பிடுவாங்க, பாவம்" என்றார்கள். இடம் இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? பிர்ச் லேக்கில் பிறந்தவனுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. அதிலும் ஆர்லினுக்குச் சுத்தமாக வராது. அட்டைகளை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தட்டுகளை உள்ளே அடுக்கினார். ஒரு நிமிஷத்துக்குத்தான் சாய்த்தார்.

மனைவிக்கு போன் போட்டார்.

"ஜோலீன், ஜன்னல் வழியா சாமான் அறை வெளிச்சுவரோரம் ஏதாவது இருக்கா பாரு."

"பனி இருக்கு" என்றாள் ஜோலீன். "என் இடுப்பு உசரத்துக்கு இருக்கு. ஏன், என்ன மறந்த?"

"ஒண்ணும் மறக்கல."

"அப்ப என்ன மறந்தேன்னு கோச்கிட்ட சொல்லிடு."

அதுதான் முடியாது. கோச் ரட்லெட்ஜுக்கு இதுதான் கடைசி ஆட்டம். நாளையிலிருந்து ஓய்வு. வேலையில்லாமல் திரிந்த ஆர்லினைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தவர் அவர். ஊறுகாய் பவுலில் ஜெயிக்கிற கோச்சின் தலையில் ஒரு பீப்பாய் ஊறுகாய்த் தண்ணீரைக் கவிழ்ப்பது வழக்கம். அந்தக் காட்சியை ஒரே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர ஆர்லினுக்கு இந்த வருஷம் வேறு ஆசையே கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கோச் உள்ளே பையன்களிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒரு சின்ன டீம் பெரிய டீம ஜெயிக்கணும்னா மூணு விஷயம் வேணும். ஒண்ணு படம். ரெண்டு படம். மூணாவது என்ன?"

"படம், கோச்!"

ஆர்லின் பெட்டியின் மூடியைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கோச் சொல்வதைக் கேட்க ஆட்டக்காரனின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வராத வருஷம் அது. கோச் ஒரு சொல் சொல்வார், ஆர்லின் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டுவார், பந்து வீசுகிற மைக்கா பெல் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மற்றவர்களைக் கூட்டிச் சொல்வான். டிராக்டர் என்றால் பந்தோடு இடது பக்கம் ஓட்டம். கரடி என்றால் நடுவில் முட்டு. மீன் என்றால் நீளமாக வீசு. எல்லாம் கோச் சொந்த மூளையில் கண்டுபிடித்தது.

ஆர்லின் மலிவு விலைக் கடைக்கு ஓடினார். அங்கே டிராக்டர் இல்லை, தீயணைப்பு வண்டி இருந்தது. கரடி இல்லை, யானை இருந்தது. குழந்தைகள் சுவரில் ஒட்டுகிற படங்களை வாரிக்கொண்டு வந்து அட்டையில் ஒட்டினார். மீனை மட்டும் அவரே வண்ணத்தில் வரைந்தார். அது செருப்பு மாதிரி வந்தது.

மைக்கா வந்தான். தெற்கத்திப் பையன். பக்கத்து ஊர்தான் சொந்த ஊர். வரும் வழியில், ஊறுகாய் வேஷம் கட்டிக்கொண்டு நின்ற ஆளிடம் "குட் மார்னிங், கோச்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தான். அன்று கோச்சும் பச்சை மழைக்கோட்டுதான் போட்டிருந்தார். இருந்தாலும், பையனுக்குப் பதற்றம் போலிருக்கிறது என்று ஆர்லின் நினைத்துக்கொண்டார்.

"தம்பி, படமெல்லாம் மாறிப்போச்சு. யானைன்னா கரடி. வண்டின்னா டிராக்டர். செருப்புன்னா மீன். கவனமா இருக்கணும்."

"நீங்க எதத் தூக்கினாலும் எனக்குச் சம்மதம், மிஸ்டர் ஆர்லின்" என்றான் மைக்கா. "கையுறை எடுத்துட்டு வந்தீங்கல்ல?"

"ரெண்டு செட் இருக்கு."

"அப்ப சரி." அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதி.

செப்டம்பரில் அவன்தான் வந்து கேட்டான், பந்து பிடிக்கிறவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் கையுறை கிடைக்குமா என்று. கல்லூரி நிறம் நீலமும் வெள்ளையும். "ராசியா?" என்று ஆர்லின் கேட்டார். "அப்படித்தான் வெச்சுக்கோங்க" என்றான். முடியாது என்று சொல்ல வராததால் ஜோலீனின் பெரிய பாத்திரத்தில் சாயம் காய்ச்சி எல்லாவற்றையும் முக்கி எடுத்தார். பாத்திரம் போனது. கோச் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆர்லினு, இதென்ன கேரட் தோட்டமா?"

பன்னிரண்டரை மணிக்குக் கோச் அட்டைகளைப் பார்த்துவிட்டார்.

"யோவ், இதென்னய்யா யானை? என் கரடி எங்க?"

ஆர்லின் வாயில் என்ன வந்ததோ அது வந்தது. "எதிர் டீம்காரன் நம்ம படத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டானாம், கோச். அதான் மாத்திட்டேன்."

கோச் அவரை அப்படியே கட்டிக்கொண்டார். "அடப்பாவி! இவ்வளவு மூளைய எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த? இனிமே கால் மணி நேரத்துக்கு ஒருதரம் மாத்து. நான் பழைய பேரையே சொல்றேன். எதுக்கு எதுன்னு உனக்கும் மைக்காவுக்கும் தெரிஞ்சா போதும்!"

தெரிந்தால் போதும்தான். முதல் கால் மணியில் யானை கரடியாக இருந்தது. இரண்டாவதில் யானை டிராக்டர் ஆனது. மைக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னால், அவன் "சரிங்க, சரிங்க" என்று தண்ணீர் குடித்துக்கொண்டே தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் எது எதுவென்று ஆர்லினுக்கே மறந்துவிட்டது.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. மொபீல்காரர்களே குடையை மடக்கிவிட்டு உள்ளே போகிற மழை. தீயணைப்பு வண்டி சிவப்பாக ஒழுகி யானையின் மேல் விழுந்தது. செருப்பு கரைந்து ஆர்லினின் சட்டைக் கைக்குள் இறங்கியது. இடைவேளை வந்தபோது அவர் கையில் இருந்தது இருபத்து நான்கு ஈர அட்டை. எதிரே ஸ்கோர் பலகையில், எதிர் அணியான கார்ட்ரைட் பல்கலைக்கழகத்துக் காட்டெருமைகள் இருபத்து நான்கு புள்ளி, நீர்நாய்கள் ஆறு.

ஊறுகாய் கம்பெனியின் கூடாரத்தில் வெர்னெல் என்ற அம்மாள் பச்சைக் கோட்டுடன் நின்றிருந்தாள். கம்பெனி சார்பில் அன்றைக்கு எல்லாம் அவள்தான். பின்னால் அவளுடைய ஆட்கள் பத்துப் பேர் பசியில் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, மழைக்குக் கரையாத அட்டை ஏதாவது இருந்தா குடுங்க. புண்ணியமாப் போகும்."

"ஓ, தாராளமா! எங்க விளம்பர அட்டை இருக்கு, பிளாஸ்டிக்" என்றாள் வெர்னெல். "அப்படியே எனக்கும் ஒரு உதவி. புதுக் கையுறை கொண்டாந்திருக்கோம். வெள்ளைவெளேர்னு, கம்பெனி முத்திரையோட. உங்க பசங்க அதப் போட்டுக்கட்டும். இந்த ஆரஞ்சு சாயம் பாருங்க, ஒழுகுது. டிவில பாக்கவே சகிக்கல."

நியாயமான பேச்சு. ஒத்துக்கொள்ள ஆர்லினின் தலை பாதி தூரம் ஆடியும்விட்டது. அதற்குள் மைக்காவின் நிம்மதியான முகம் ஞாபகத்துக்கு வந்தது. பையன் அதிர்ஷ்டம் என்று எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறான். பட அட்டையைத்தான் தொலைத்தாகிவிட்டது, இதையுமா பிடுங்குவது?

"முடியாதுங்க" என்றார் ஆர்லின்.

சொன்னது தான்தானா என்று அவரே திரும்பிப் பார்த்தார்.

"முடியாதா?" வெர்னெலின் முகம் அவள் விற்கிற சரக்கு மாதிரியே புளித்தது. "அப்ப அட்டையும் முடியாது."

ஆர்லின் பின்னாலிருந்த பத்துப் பேரைப் பார்த்தார். "உங்க ஆளுங்க சாப்பிட்டாங்களா?"

"காலைலேர்ந்து வெறும் ஊறுகாய்தான் சார்" என்றான் ஒருவன் பரிதாபமாக.

"எங்கிட்ட பன்னிரண்டு தட்டு உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் இருக்கு. கறி போட்டது."

வெர்னெல் வாயைத் திறக்குமுன் பத்துப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

உலர்ந்த ஆரஞ்சுக் கையுறைகளைப் பையன்களிடம் விநியோகித்துவிட்டு, அட்டைக் கட்டை ஆர்லின் பிரித்தார். முதல் அட்டையில் ஊறுகாய் வெள்ளரிக்காய். இரண்டாவதில் வெள்ளரிக்காய். இருபத்து நான்கிலும் அதே வெள்ளரிக்காய். திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளரிக்காய். தலைகீழாகப் பிடித்தால் வித்தியாசம் தெரியுமா என்று பார்த்தார். வெள்ளரிக்காய்க்கு ஏது தலை?

"மீன்!" என்று கத்தினார் கோச், மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஆர்லின் ஊறுகாயைத் தூக்கினார்.

தூரத்தில் மைக்கா மழைக்குள் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தான். பிறகு தீர்மானமாகத் தலையாட்டினான். நீளமாக ஒரு வீச்சு. நாற்பது கஜத்துக்கு அப்பால் இரண்டு ஆரஞ்சுக் கைகள் எழும்பிப் பந்தை வாங்கிக்கொண்டன. எல்லைக் கோடு தாண்டியாகிவிட்டது, டச்டவுன்!

"பாத்தியாய்யா!" கோச் தொடையைத் தட்டினார். "மீன்னா மீன்தான்!"

"ஆமா, கோச்" என்றார் ஆர்லின் ஈனஸ்வரத்தில்.

"இப்ப கரடி!"

ஊறுகாய். மைக்கா தலையாட்டினான். நடுவில் முட்டுவதற்குப் பதில் வலது ஓரத்துக்கு வீசினான். ஆரஞ்சுக் கை பிடித்தது.

"கரடின்னா சொன்னேன்?" கோச் யோசித்தார். "ஓரத்துக் கரடி. அதையும் சொல்லிக் குடுத்திருக்கேன் போல."

மூன்றாம் கால் மணி முடிவில் இருபத்து நான்குக்குப் பதின்மூன்று. நான்காவதின் நடுவில் இருபத்து நான்குக்கு இருபது. ஆர்லின் தூக்கிக்கொண்டே இருந்தார், ஒன்றாம் ஊறுகாய், ஏழாம் ஊறுகாய், இருபதாம் ஊறுகாய். எதிர் அணியில் இருவர் பைனாகுலரில் அந்த அட்டைகளைப் பார்த்துப் பார்த்து மும்முரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஆறு விநாடி. நான்கு புள்ளி பின்னால்.

"டிராக்டர்!" கோச்சின் குரல் உடைந்தது. "ஆர்லினு, டிராக்டரத் தூக்குய்யா!"

ஆர்லின் கண்ணை மூடிக்கொண்டு ஊறுகாயைத் தூக்கினார். தன் ஒரு நிமிஷ மறதியால் இந்த மனிதர் தோற்றுப்போய் வீட்டுக்குப் போகப்போகிறார் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டம் "ஓ" என்று எழுந்தது. அந்த "ஓ" நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தார். எல்லைக் கோட்டுக்கு அப்பால், கறுத்த மழையின் நடுவில், இரண்டு ஆரஞ்சுக் கைகள் பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தன. இருபத்தாறுக்கு இருபத்து நான்கு.

"அது டிராக்டரே இல்லையே" என்றார் கோச் பிரமித்துப்போய். அடுத்த கணம், "நான் மனசுல நெனச்சது அதுதான்!" என்றார்.

வாக்கியம் முடிவதற்குள் ஊறுகாய்த் தண்ணீர் பீப்பாயோடு தலையில் இறங்கியது. காதில் ஒரு வெள்ளரித் துண்டு ஒட்டிக்கொண்டிருக்க, கோச் ரட்லெட்ஜ் அழுதுகொண்டே சிரித்தார். ஆர்லின் வாழ்நாளில் அவ்வளவு அழகான காட்சியைப் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று ஜோலீனைப் பார்த்ததைக்கூட இரண்டாவதாகத்தான் சொல்ல வேண்டும். இதை அவளிடம் சொல்ல மாட்டார்.

"படம்தான்யா ஜெயிச்சுது!" என்று கோச் அவரை இழுத்து அணைத்தார். இருவரும் புளித்து நாறினார்கள்.

ஆர்லினுக்கு மனசு கேட்கவில்லை. அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மைக்காவைத் தேடிப் போனார். அவன் கம்பிவேலி ஓரம் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண்மணியைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எங்கம்மா, லொரெட்டா. பிர்ச் லேக் ரொம்ப தூரம், டிக்கெட் போட்டு வர முடியல. இன்னைக்குத்தான் மொதல்மொதலா என் ஆட்டத்தப் பாக்கறாங்க."

"தம்பி, நீ என்னை மன்னிக்கணும்" என்றார் ஆர்லின். "ரெண்டாவது பாதி பூரா நான் தூக்கினது இதுதான். மீன் இல்ல, கரடி இல்ல, டிராக்டர் இல்ல. வெறும் ஊறுகாய். நீ எப்படிப்பா புரிஞ்சுக்கிட்ட?"

மைக்கா தரையைப் பார்த்தான். லொரெட்டா கைப்பையைத் திறந்து, பாட்டில் அடி கனத்துக்கு ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்து, மகனின் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"அட்டைல என்ன இருந்தா என்னங்க, மிஸ்டர் ஆர்லின்? பத்தடி தாண்டினா எம்புள்ளைக்கு அந்த ஆரஞ்சுக் கையுறையத் தவிர வேற ஒண்ணுமே தெரியாது!"