நெற்றியில் ஊசியோடு

தனியாக வாழ்கிறவர்களுக்கு முதுகு ஒரு வீண் செலவு. முன்பக்கத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம். பின்பக்கத்துக்கு இன்னோர் ஆள் வேண்டும். முதுகில் ஸிப் வைத்துச் சட்டை தைத்தவர் எந்த வீட்டிலும் குறைந்தது இரண்டு பேராவது இருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார். பாவம், அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன், என் நாற்பத்தாறாவது வயதில், வலது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்கித் தலை சீவ முடியாது. பின்னுக்குக் கொண்டுபோகவே முடியாது. அமிர்தகழி வீட்டில் அப்போது நான் மட்டும்தான். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் கனடாவில், தங்கச்சி சுவிஸில். இருவரும் வட்ஸ்அப்பில் தோளுக்கான பயிற்சி வீடியோக்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். (அண்ணன் அனுப்பியதில் செய்து காட்டியவர் மல்யுத்த வீரர் போலிருந்தார். அவர் தோளுக்கு வந்திருந்தால் நோவுதான் பயந்து ஓடியிருக்கும்.)

நோகும் இடத்துக்குத் தைலம் பூச என் கை எட்டவில்லை. கடைசியில் அகப்பைக் காம்பில் துணி சுற்றி, தைலத்தில் தோய்த்து, கதவில் சாய்ந்தபடி பூசினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை முழுக்க அதே அகப்பையால் வைத்த சொதியெல்லாம் தைலம் மணத்தது. மணக்கிறது என்று சொல்லவும் வீட்டில் ஆளில்லை.

ஆசுபத்திரியில் பயிற்சி சொல்லித் தந்தார்கள். செய்தேன். நோவு ஓரங்குலம் நகர்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டது. அப்போதுதான் அலுவலகத்தில் என் பக்கத்து மேசை ரிஸ்னா சொன்னாள்.

"மிஸ், எங்கட காத்தான்குடியில ஒரு டொக்டர் இரிக்கா. ஊசி குத்தி வைத்தியம் பாக்கிற. எங்கட மாமிட முழங்கால அவதான் சரியாக்கின."

"என்ன மருந்து ஏத்துவா?"

"மருந்து ஒண்டுமில்ல மிஸ். அக்குபஞ்சர். வெறும் ஊசிதான்."

மருந்துள்ள ஊசிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் நான். வெறும் ஊசி என்றதும், நெல் மூட்டை தைக்கிற சாக்கூசிதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆனாலும் அந்தக் கிழமை எனக்குப் பின்னல் போட்டுவிட்டதே ரிஸ்னாதான், அதுவும் அலுவலகக் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால். மறுக்க முகமில்லை.

அவளும் கூட வருவதாகத்தான் பேச்சு. அன்று காலை அவள் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் தனியாக பஸ் ஏறினேன். பாலத்தில் போகும்போது வாவி பளபளவென்று கிடந்தது. ஜன்னலோரம் இருந்து அதைப் பார்த்தபடி, "இந்த ஊசியில் எனக்கு ஏதும் ஆனால் கைப்பையில் கிடக்கிற வீட்டுத் திறப்பை யார் எடுப்பார்கள்?" என்று யோசித்துக்கொண்டே போனேன்.

டொக்டருக்கு என்னைவிட வயது குறைவு. பெற்றோரின் வீட்டு முன்னறைதான் வைத்தியசாலை. நான் எதிர்பார்த்த சாக்கூசி எங்கும் இல்லை. கேள்விகள்தான் நிறைய இருந்தன. என்ன மருந்து குடிக்கிறேன், இரத்தம் உறையாமல் இருக்க ஏதும் எடுக்கிறேனா, சீனி வருத்தம் உண்டா, முன்னர் மயங்கி விழுந்ததுண்டா. கர்ப்பம் ஏதும் உண்டா என்றும் கேட்டார். இல்லை என்று கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

"சாப்பிட்டிங்களா அக்கா?"

"ஓம்." (வெறுந்தேத்தண்ணியும் ஒரு பிஸ்கட்டும். ஒருத்திக்கு மட்டும் சமைக்கிற வீட்டில் அதற்குச் சாப்பாடு என்றுதான் பெயர்.)

"இது மந்திரமில்ல. ஒரு தரத்தில மாறாது, ஏழெட்டுத் தரம் வரணும். சிலருக்கு நல்லாக் கேக்கும், சிலருக்குக் கொஞ்சந்தான். ஆசுபத்திரியில சொன்ன பயிற்சிய மட்டும் உட்டுராதிங்க."

தோள் பக்கம் திறந்த ஒரு அங்கியைத் தந்து, இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார். பிறகு என் தோள்பட்டையை விரலால் அமர்த்தி அமர்த்தி இடம் தேடினார். அந்த அகப்பைக் காம்பு போய்வந்த அதே இடம். சூடான ஒரு கை அங்கே பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா இல்லை, மூக்கு அடைக்கிற அளவுக்கு.

"நோகுதா?"

"இல்ல டொக்டர்."

"இன்னும் ஊசியே குத்தல்லயே!"

"தெரியும் டொக்டர்."

அவர் ஒரு டிஸ்யூவை எடுத்து என் கையில் வைத்தார். என் கண்ணுக்கு முன்னால் புது ஊசிப் பைக்கற்றைக் கிழித்தார். ஒரு தரம் பாவித்த ஊசியை மறுபடி பாவிப்பதில்லையாம். ஊசியைக் கண்டதும் வெட்கமாகிவிட்டது. முடிதான் அது. விரலால் ஒரு தட்டு, நுளம்பு கடித்த மாதிரி ஒரு சுள், அவ்வளவே. தோளில் சில, காதில் ஒன்று, புருவங்களுக்கு நடுவில் ஒன்று, கையில் ஒன்று. கடைசியாக முழங்காலுக்குக் கீழே ஒன்று.

"டொக்டர், எனக்கு நோவு தோளில."

"ஓம் அக்கா, தெரியும். இது தோளுக்குத்தான்."

குத்திய இடங்களில் ஒரு கனம், ஒரு விறுவிறுப்பு. அப்படி வந்தால் நல்லது என்றார். இடது கைக்குள் மணி அடிக்கிற பொத்தானைத் தந்தார். "வீட்டுல ஆக்கள் வந்திரிக்காங்க. நான் உள்ளுக்குத்தான் இரிக்கன். கொஞ்ச நேரத்தில வருவன். ஏதும் எண்டா இத அமத்துங்க, எழும்பிராதிங்க." நான் அழுத வெட்கத்தில் பாதியைத்தான் கேட்டேன்.

உடனே தூங்கிப்போனேன். ஊசி குத்தினால் சிலருக்கு இப்படித் தூக்கம் வருமாம். விழித்தபோது, பட்டப்பகலிலும் ஜன்னல் மூடிய அறை இருட்டு. மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் போயிருந்தது. பொத்தானை அமர்த்தினேன். கரண்டில் வேலை செய்கிற மணி எப்படி அடிக்கும்? "டொக்டர்!" என்று கூப்பிட்டேன். பக்கத்துக் கடை ஜெனரேட்டரின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்கு முந்தின வருஷம் அலுவலகத்தில் உன்னிச்சைக் குளத்துக்குச் சுற்றுலா போனோம். மாலையில் பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பியும் வந்தது. ஆனால் எனக்காக இல்லை. சோறு ஆக்கிய கிடாரத்தை மறந்துவிட்டார்களாம். அதற்குப் பக்கத்தில் நின்றதால் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆகவே அந்த இருட்டில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என்னை மறந்து, பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இங்கே கிடாரமும் இல்லை.

மெல்ல எழும்பினேன். ஊசிகள் என்னோடு எழும்பின. அறைக்கு இரண்டு கதவுகள். வாசல் கதவு என்று நான் நினைத்துத் திறந்தது வீட்டுக்குள் போகும் மற்றக் கதவு. ஊசிக் காலை மடக்காமல் இழுத்து இழுத்து, சுவரைப் பிடித்தபடி நடந்தேன். ஒரு திரைக்குப் பின்னால் வெளிச்சம் தெரிந்தது. தெருதான் என்று திரையை விலக்கினேன்.

பெரிய கூடம். பாயில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், நல்ல உடுப்பில், சாப்பாட்டைச் சுற்றி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாதி அவிழ்ந்த பின்னல், ஒரு தோள் திறந்த அங்கி, முழங்கால் வரை சுருட்டிய காற்சட்டை, அழுது வீங்கிய முகம், நெற்றியில் நட்டுக்கொண்டு ஒரு ஊசி.

"யா அல்லாஹ்!" என்றது ஒரு குரல்.

அன்று டொக்டரின் தங்கச்சி ஹஸ்னாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள் என்பதும், முன்னர் வந்த இரண்டு பேச்சு முறிந்து மூன்றாவது அது என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? சரியாக அந்த நேரம் எதிர்க் கதவால் ஹஸ்னா வந்தாள். தலை குனிந்து, மெல்ல மெல்ல, தானே அவித்த வட்டிலப்பத்தைத் தட்டோடு ஏந்தியபடி. நான் ஏதோ மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கூடம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

வெறும் வயிற்றோடு ஊசி குத்தினால் தலை சுற்றும். அதற்காகத்தான் டொக்டர்மார் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள். அதை நான் பாயில் விழுந்து படித்தேன்.

கண் திறந்தபோது தலை யாரோ ஒரு வயதான பெண்ணின் மடியில் இருந்தது. அவர் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். டொக்டர் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கன்னத்தில் குளிர்ச்சியாக, இனிப்பாக ஏதோ வழிந்தது. வட்டிலப்பம்.

"என்ன மகள், மனிசிய முள்ளம்பண்டி ஆக்கி வெச்சிரிக்கிங்க?" என்றார் மடிக்காரி. அவர்தான் மாப்பிள்ளையின் தாய்.

டொக்டருக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது. "அக்கா, ஆருக்கு ஃபோன் எடுக்க?"

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன். அண்ணனுக்கு அங்கே இரவு. தங்கச்சி வேலையில். ரிஸ்னாவின் பிள்ளைக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டாரோடு அவர்களின் நாய் குலைப்பதைப் பற்றி மட்டுந்தான் பேசுவேன். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தருக்கும் வேணாம்," என்றேன். கம்பீரமாகச் சொல்லத்தான் நினைத்தேன். குரல் காலை வாரிவிட்டது. அவ்வளவு ஊசியில் நோகாத நோவு அந்த ஒரு வசனத்தில் நொந்தது.

பிறகு மாப்பிள்ளையின் தாய், "காலையில என்ன புள்ள சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"ஒரு பிஸ்கட்."

"அதானே! எழும்பு. இஞ்ச வா, கிட்ட இரி."

என் வலது கை வாய்வரைக்கும் போகாது என்பதைக் கண்டதும் அவரே சோற்றைப் பிசைந்து ஊட்டினார். மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் இறைச்சித் துண்டு ஒன்று போனது. நாற்பத்தாறு வயதில், முன்பின் தெரியாத பன்னிரண்டு பெண்கள் பார்க்க, கண்ணீரும் வட்டிலப்பமுமாக நான் சாப்பிட்டேன்.

ஹஸ்னா மூலையில் அழுதுகொண்டிருந்தாள். கலியாணம் குழம்பிவிட்டது என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். போகிற நேரம் மாப்பிள்ளையின் தாய் அவளைக் கிட்டக் கூப்பிட்டார்.

"வட்டிலப்பத்தப் போட்டுட்டு மனிசிட தலையப் புடிச்சியே மகள்," என்றார். "எனக்கு இந்தப் புள்ள போதும். மறுகா கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

தலை நிலத்தில் படாததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். வீடு விட்டுப்போன மாதிரியே இருந்தது. நடந்ததைச் சொன்னால் யாராக இருந்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொல்ல ஆளில்லாமல் கூடத்து விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன். பிறகு தனியாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

அதற்குப் பிறகு பல தரம் ஊசிக்குப் போனேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு. பயிற்சியையும் விடவில்லை. தோள் முழுதாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி வழிக்கு வந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. டொக்டரும் சொல்லவில்லை.

ஹஸ்னாவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். பெருநாளுக்குப் பெருநாள் எனக்கு அழைப்பு வரும். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் இடம் விடுவார்கள். ஹஸ்னா தலைமுடியைப் பாதி அவிழ்த்துவிட்டு, நெற்றியில் ஒரு தென்னை ஈர்க்குத் துண்டை நாவால் நனைத்து ஒட்டிக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் திரைக்குப் பின்னாலிருந்து வருவாள். அவளுடைய மாமி "யா அல்லாஹ்!" என்று கத்தவேண்டிய இடத்தில் சரியாகக் கத்துவார். புதிதாக வந்த மருமகள்மார் யாராவது, "இது ஆர்?" என்று கேட்டால், வீடே சேர்ந்து என்னைக் காட்டும். "எங்கட ஊசி மாமி!"

போன பெருநாளிலும் நடந்தது. ஹஸ்னா கண்ணைச் செருகிக்கொண்டு வலது பக்கமாக விழப் போனாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நில்லு புள்ள, நில்லு! அந்தப் பக்கமில்ல. இடப்பக்கமாத்தான் நான் விழுந்த. திரும்ப வா."