சொக்லட்டுக்கு ஊரெது?

புத்தளக் கரையில், மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கடுமையாகச் சொக்லட் பார்த்த ஒரே மனிதர் ஊரெது நானாதான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கும் பள்ளிவாசலுக்கும் மட்டுமே தெரியும். கடைக்கு வரும் எந்த இனிப்பையும் பார்த்து அவர் முதலில் கேட்கும் கேள்வியே மற்ற எல்லோருக்கும் அவர் பெயராகிவிட்டது; நானா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

மாம்புரியில் அவருக்கு ஒரு பெட்டிக்கடை. பாண் ரொட்டி, வாழைப்பழம், சோடா, கண்ணாடி அலுமாரியில் கொஞ்சம் சொக்லட். சண்டை முடிந்து, பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிப் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம். என் முச்சக்கர வண்டியை அவர் கடை வேம்பு நிழலில்தான் நிறுத்துவேன். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் அங்கே சொக்லட் ஒன்றை எடுத்தாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டாள். நானா காரணம் கேட்டார். சில நாடுகளில் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு கொக்கோ பறிப்பிக்கிறார்கள், இது எந்த நாட்டுக் கொக்கோ என்று எழுதவில்லை என்று பாதி வாயாலும் பாதி கையாலும் விளக்கினாள்.

நானா அன்றைக்கே கண்ணாடி அலுமாரியைக் காலி செய்தார்.

"யாரோ பெத்த புள்ள பறிச்சத என்ட புள்ளைக்குத் தின்னக் குடுத்திருக்கேன் தம்பி" என்றார். அன்று முழுவதும் அவர் சோறு தின்னவில்லை. பாண் மட்டும் இரண்டு றாத்தல் தின்றார்.

அதன் பிறகு சாமான் லொறியில் வரும் விற்பனைக்காரப் பையன்கள் பாடு திண்டாட்டம்.

"இதுட ஊரெது?"

"கொழும்பு நானா."

"கொழும்புல எங்க கொக்கோ மொளைக்குது? காலிமுகத் திடல்லயா?"

"இல்ல நானா, செய்யிற இடம் கொழும்பு."

"மாப்பிள்ளைட ஊரக் கேட்டா கல்யாண மண்டபத்துட பேரச் சொல்றீங்க."

ஊர் சரிவந்தாலும் பரீட்சை முடியாது. வெந்நீரில் வாய் கொப்பளிப்பார். துண்டைக் காதருகே வைத்து உடைப்பார். 'டக்' என்று முறிந்தால் நல்ல சாதி. வளைந்தால், "பழைய செருப்பு" என்று ஒதுக்குவார். பிறகு நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். மெல்ல மாட்டார். கரைகிறதா, மெழுகுதிரி போல மேல்வாயில் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். அந்த நேரம் கடையில் தீப்பிடித்தாலும் கண் திறக்காது.

"நானா, புள்ள அழுவுது. ஒன்டக் குடுங்க" என்று மீன்காரர் ஒருவர் கெஞ்சினார்.

"பொறுங்க. இப்பதான் புளிப்புப் போய் முந்திரி வாசம் வருது. புறகு மழை பெஞ்ச மண் வாசம் வரோணும்."

"அது வாரத்துக்குள்ள மழையே வந்துரும் நானா."

கடைசியில் பஸ் ஏறி மாத்தளைக்கே போனார். கொக்கோத் தோட்டத்தில் பறிப்பவர்களிடம் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று விசாரித்து, பொலிஸ்காரர் என்று நினைத்த அவர்களிடம் தேத்தண்ணியும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். அங்கே ஒரு வீட்டில் செய்த கறுப்புச் சொக்லட்தான் அதற்குப் பிறகு அவர் கடையில் இருந்தது. எங்கள் வெயிலுக்கு உருகாமல் ஈர மணலில் புதைத்த மண்பானைக்குள் வைத்திருந்தார்.

இந்த மனிதரைத்தான் நான் எனக்குச் சம்பந்தம் பேசக் கூட்டிக்கொண்டு போனேன்.

எத்தாளையில் வெங்காயத் தோட்டம் வைத்திருந்த ஹாஜியாரின் மகள். தையல் வகுப்புக்குப் போகும்போது சில தடவை என் வண்டியில் ஏறியிருக்கிறாள். கண்ணாடியில் பார்க்கவும் எனக்குத் துணிவில்லை. விருப்பம் மட்டும் இருந்தது. முன்பு பேசிய சம்பந்தங்கள் எல்லாம் ஒரே கேள்வியில் முறிந்திருந்தன: ஊரெது? நான் சின்ன வயதில், சண்டைக் காலத்தில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவன். மன்னார் என்றதும், "இப்ப சண்டை முடிஞ்சிட்டுத்தானே, திரும்பிப் போயிருவீங்களே" என்பார்கள். பெண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோய்விடுவேன் என்ற பயம். அதற்கு மேல் தேத்தண்ணி மட்டும்தான் வரும்.

"கேக் வாங்கட்டா நானா?" என்று கேட்டேன்.

"நாம சம்பந்தம் பேசப் போறமா, பேர்த்டேக்குப் போறமா?" என்றவர், பின்னேரம் முழுவதும் காதருகே 'டக் டக்' என்று உடைத்துப் பார்த்து ஒரு தட்டு நிரப்பினார்.

ஹாஜியார் பிஸ்மி சொல்லி ஒரு துண்டை வாயில் போட்டார். முகம் கோணியது.

"என்ன ஓய் இது, சொக்லட்டா, காய்ச்சல் குளிசையா?"

"மெல்லாதீங்க ஹாஜியார். கரைய விடுங்க."

தட்டு கதவுச் சீலைக்கு உள்ளே, பெண்கள் பக்கம் போனது. ஹாஜியார் வாயைக் கழுவிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பிக்கு ஊரெது?"

என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. நானாதான் பேசினார்.

"மன்னார். வளந்தது இங்கதான்."

"அப்ப திரும்பிப் போற ஆள்."

"ஹாஜியார், கொக்கோ இந்த நாட்டு மரமே இல்ல. கடல் தாண்டி வந்தது. இப்ப மாத்தளைச் சாமான்டுதான் சொல்றம்."

ஹாஜியார் சிரித்தார். "ஊர் கேக்காம ஒரு டொபியும் வாங்காத ஆள் நீங்க. எனக்கு மட்டும் கேக்க ஏலாதா?"

"நான் கேக்கிறது யார்ட வேர்வைன்டு அறியத்தான் ஹாஜியார். திருப்பி அனுப்புறதுக்கு இல்ல."

ஹாஜியார் சிரிப்பை நிறுத்தினார். நான் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அப்போது கதவுச் சீலை அசைந்து தட்டு வெளியே வந்தது. ஒரு துண்டும் மிச்சமில்லை. சீலைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"வாப்பா, அந்தக் கசப்புச் சாமான் இன்னும் இருக்கான்டு கேளுங்க."

ஹாஜியார் வெறும் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இவளுக்கு எப்பவும் இப்பிடித்தான்" என்றார். அன்றைக்குத் தேத்தண்ணியோடு சோறும் வந்தது.

நான் இன்றைக்கு எத்தாளைக்காரன். வண்டியில் ஏறும் ஆட்கள் இப்போதும் என் பேச்சைக் கேட்டுவிட்டு ஊரெது என்பார்கள். ஊரெது நானாவின் வேம்பு நிழலில் எத்தனையோ வருடம் இருந்திருக்கிறேன். கடைக்கு வந்த எல்லாவற்றையும் நிறுத்தி விசாரித்த அந்த மனிதர், என்னிடம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. வெயிலாயிருக்கு, உள்ளே வந்து இரு என்றுதான் சொன்னார்.