முப்பதாம் நாள் இதயப் பிரட்டல்

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பிளாக்கில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் என்னைத் தேடி வருவதைப் பார்த்து, நான் ஏதோ ரிட்டையர் ஆன டீச்சர் என்று பலர் நினைக்கிறார்கள். "ஆன்ட்டி, கிட்னிக்கு நல்ல வீடியோ இருக்கா?" இருக்கிறது. "தவளை?" வயிற்றுப் பக்கமா, முதுகுப் பக்கமா, எது வேண்டும்? எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஃபோனில் சேர்த்து வைத்திருக்கிறேன். என் அளவுகோல் சின்னது. பேசுகிற ஆள் வாயால் மட்டும் பேசினால் மூடிவிடுவேன். பொருளைக் கையில் எடுத்துப் பிரித்துக் காட்டினால் வைத்துக்கொள்வேன்.

இது படிப்பு ஆசை இல்லை, பயம். எழுபதுகளின் கடைசியில் இந்த மாதிரி ஒரு சாமானைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு நான் கத்திய கத்தல் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவில் புது அடுக்குமாடி வீடு கிடைத்துக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா போய்விட்டார். மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மடித்த துணி ஒரு பக்கம், மடிக்காதது ஒரு பக்கம். மிச்சத்தை மடிக்க எனக்குக் கை வரவில்லை. பல நாள் அப்படியே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் 'வால்வு' என்றார். பெரியம்மா 'படி' என்றார்.

பெரியம்மா அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. எங்கள் பிளாக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் மாடிக்கு வர, லிஃப்ட் நிற்கிற இடத்திலிருந்து படியேற வேண்டும். அந்த மாடிதான் வேண்டும், காற்று நன்றாக வரும் என்று பிடிவாதமாக எடுத்தவர் அப்பா. இது போதாதா? துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பெரியம்மா ஒன்றையே சொன்னார்: "படியேத்தியே கொன்னாச்சு என் தங்கச்சிய." அப்பா அதே ஹாலில்தான் உட்கார்ந்திருப்பார். பதில் பேச மாட்டார். அப்புறம் எதற்குமே பேசாமல் போனார். சாப்பாட்டுக்கு "போதும்", வேலைக்கு "வரேன்". அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. படியா, வால்வா? வால்வு என்றால் அப்போது எனக்குத் தெரிந்தது சைக்கிள் டயரில் இருப்பது. அது எப்படி அம்மாவுக்குள் போனது?

என் தங்கை ரீத்தா செகண்டரி நாலு, அதாவது பத்தாம் வகுப்பு, பயாலஜி எடுத்திருந்தாள். அவள் புத்தகத்தை விரித்து, "இங்க பாரு, இதுதான் ஹார்ட்" என்றாள். வாழைப்பூவை நறுக்கிப் போட்ட மாதிரி இருந்தது.

"இதுல வால்வு எங்க?"

"இதோ, இந்தக் கோடு."

"கோடா? ஒரு கோடா அம்மாவக் கொன்னுச்சு?"

"அக்கா, அது கதவு மாதிரி. ஒரு பக்கமாத்தான் திறக்கும்."

"இதயத்துல எதுக்குடி கதவு? யாரு வர்றா போறா?"

புத்தகத்தை மூடிவிட்டாள். பாவம், அவளுக்கும் அழுகை.

எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்ததும் வந்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். முதலில் லைப்ரரி. தமிழ்ப் பகுதியில் உடம்பைப் பற்றி இருந்தது ஒரே புத்தகம், மூல வியாதிக்கு. (அதையும் நின்றபடியே பாதி படித்தேன். நிற்கத்தான் தோன்றியது.) அங்கிருந்த அம்மாள் பாவம் பார்த்து என்னைப் பிள்ளைகள் பகுதிக்கு அனுப்பினார். குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து கலர் படப் புத்தகம் புரட்டினேன். அதில் இதயத்துக்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தைப் பார்த்துப் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த சீனப் பையன் எழுந்து போய்விட்டான்.

அடுத்து பிராஸ் பசா ரோட்டில் பழைய புத்தகக் கடைகள். ஒரு கடைக்கார மாமா கேட்டார்: "என்ன லெவலும்மா? ஓ லெவலா, ஏ லெவலா?"

"பிரைமரி சிக்ஸ் லெவல்ல இதயம் இருக்கா அங்கிள்?"

"பரீட்சை யாருக்கு?"

"எங்க அம்மாவுக்கு."

"அம்மா இந்த வயசுலயும் படிக்கிறாங்களா, பரவால்லையே!"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இறந்துபோன அம்மாவைப் பரீட்சைக்கு உட்கார வைத்த மகள் நானாகத்தான் இருப்பேன்.

அப்புறம்தான் ரீத்தா தெரியாத்தனமாக ஒரு வார்த்தை விட்டாள்: "ஸ்கூல் லேப்ல ஆட்டு ஹார்ட்ட வெட்டிக் காட்டுவாங்களாம்கா. நம்ம ஹார்ட் மாதிரியேதான் இருக்குமாம்."

போதுமே எனக்கு! மறுநாள் சனிக்கிழமை விடிந்ததும் தேக்கா மார்க்கெட்டில் நின்றேன். அம்மா வழக்கமாக வாங்குகிற மட்டன் கடை அண்ணன் என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"வா தங்கச்சி. கேள்விப்பட்டேன். நாளைக்கு முப்பதாம் நாள் பூசையாமே? எவ்வளவு கறி?"

"கறி பெரியம்மா வாங்கிட்டாங்க. எனக்கு இதயம் மட்டும். முழுசா. மேல இருக்கிற குழாய வெட்டாம."

"குழாயோடயா? வறுவலுக்கா, கொழம்புக்கா?"

"படிக்கிறதுக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிப்பு வரணும்னா மூளை வாங்கணும் தங்கச்சி. இதயத்தத் தின்னா லவ்வுதான் வரும் லா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் பேசாமல் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கட்டிக் கொடுத்தார். ஒன்றை வெட்டும்போது கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் இரண்டு சேர்த்து வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். பை சில்லென்று இருந்தது. அம்மா கடைசியாக அப்படித்தான் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் பிஸ்கட் டின்னில் போட்டு, ஃபிரிஜ்ஜில் கீழ்த்தட்டில் ஒளித்து வைத்தேன். ஞாயிறு பூசை முடிந்து, எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு நானும் ரீத்தாவும் வெட்டுவதாக ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரே ஓட்டை. பெரியம்மாவிடம் சொல்லவில்லை. (சொன்னால் விடுவாரா?)

ஞாயிறு மாதா கோயிலில் ஃபாதர் அம்மாவின் பெயரைச் சொன்னபோது, உண்மையாகச் சொல்கிறேன், என் மனசு பாதி ஃபிரிஜ்ஜில்தான் இருந்தது. திரும்பி வந்தபோது ஹால் நிறைய ஆட்கள். மசாலா வாசனை படிவரை வந்தது. பெரியம்மாவும் அவர் கூட்டாளிகளும் பூசைக்குக்கூட வராமல் சமைத்திருந்தார்கள். இரவல் மேசையில் ஃபாதர், பக்கத்தில் மாமா, அம்மாவின் தம்பி, அப்புறம் எங்கள் கோயில் ஆட்கள், பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி. ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்துச் சோற்றில் கை வைத்துவிட்டார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்குள் போனேன். பிஸ்கட் டின் சிங்க்குக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. கழுவி, துடைத்து.

"பெரியம்மா, இதுல இருந்தது எங்க?"

"அதுவா? ஆளு எதிர்பார்த்தத விட ஜாஸ்தி ஆயிடுச்சு. மட்டன் பிரட்டல்ல சேர்த்துட்டேன். எந்தக் கூறுகெட்டவ வாங்கினா அத? ஒரே குழாயி, உள்ள நூல் நூலா வேற. நறுக்க முடியாம ரெண்டா வகுந்து போட்டேன்."

அடுத்து நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. ஹாலுக்கு ஓடினேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"நிறுத்துங்க! யாரும் மெல்லாதீங்க! அது அம்மாவோட இதயம்!"

ஃபாதரின் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. மாமா வாயில் இருந்ததைக் கையில் எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கு முன்னால் சிலுவை போட்டார். கோயில் கமிட்டிப் பெரியவர் பக்கத்து ஆளிடம், "ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. தமிழ் தெரியாத சீன ஆன்ட்டி மட்டும் நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "வெரி நைஸ் லா! கொஞ்சம் டஃப்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். ரீத்தா ஓடி வந்து, ஆட்டு இதயம்தான், அக்கா படிப்பதற்கு வாங்கியது, வால்வு பார்க்க வேண்டும் என்று தேடித்தேடி அலைந்தாள் என்று தமிழில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் சொன்னாள். எல்லாரும் மூச்சு விட்டார்கள். "படிப்பாம் படிப்பு" என்று பெரியம்மா ஆரம்பித்தார். "வால்வும் இல்ல, ஒன்னும் இல்ல, படியேத்தி..."

அப்பா எழுந்தார். நேராகப் போய்ச் சட்டியைத் தூக்கி வந்து மேசையில் ஃபாதருக்கு முன்னால் வைத்தார். கரண்டியால் துழாவினார்.

"ரீத்தா, உன் புக்க எடுத்துட்டு வா."

ஒரு மாதத்தில் அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

ஒரு பாதி கிடைத்தது. குழாய் விறைத்துக்கொண்டு, கறிவேப்பிலையோடு. நான் எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் திரும்பினேன்.

"கழுவாதடி, மசாலா போயிடும்!" என்றார் பெரியம்மா. பழக்க தோஷம்.

வெறும் தட்டில் வைத்தோம். கூட்டம் முழுக்க மேசையைச் சுற்றி நின்றது. ரீத்தா முள்கரண்டியால் தொட்டுக் காட்டினாள். உள்ளே மெல்லிய தோல் ஒன்று, வெள்ளையாக. அதைக் கீழே இழுத்துப் பிடித்தபடி நூல் நூலாக. நான் விரலை விட்டுத் தூக்கினேன். எழுந்தது. விட்டேன். படிந்தது. கோடு இல்லை. கதவுதான்.

"அம்மாவுக்கு இது கெட்டியாப் போயிடுச்சாம். சரியாத் திறக்கலையாம். ரொம்ப வருஷமாவே" என்றாள் ரீத்தா. "சின்ன வயசுல முட்டியெல்லாம் வீங்கி காய்ச்சல் வந்துச்சான்னு டாக்டர் கேட்டாரு. எங்களுக்கு யாருக்கும் தெரியல."

"காய்ச்சலுக்கும் இதுக்கும் என்னம்மா?" என்று மாமா கேட்டார்.

"அந்தக் காய்ச்சல்தான் வால்வக் கெடுக்குமாம் மாமா."

அப்புறம் பெரியம்மாவின் குரல், எங்கேயோ அடியிலிருந்து வந்தது:

"வந்துச்சு. எட்டு வயசுல. முட்டி பந்து மாதிரி வீங்கி நடக்க முடியாம கெடந்தா. நான்தான் இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சேன்."

"அப்ப படி?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தானே இவ்வளவும்.

"படியேறினா மூச்சு வாங்கியிருக்கும்கா. ஆனா வால்வக் கெடுத்தது படி இல்ல."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பெரியம்மா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவருக்கு அது வராது. ஒரு தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, அப்பா முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க தம்பி" என்றார். அம்மா போன பிறகு அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டும் வாங்கினார்.

"இத என்ன பண்றது?" என்றார் மாமா, தட்டில் இருந்ததைக் காட்டி.

ஃபாதர் என்னைப் பார்த்தார். "படிச்சு முடிச்சிட்டியாம்மா? முடிச்சிட்டா சாப்பிடலாமே."

சிரித்தேன். அழுகையும் வந்தது. மூக்கும் ஒழுகியது. கௌரவமான காட்சி இல்லை.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், மட்டன் வந்ததும் யாராவது ஒருவர், "ஸ்டெல்லா, இது யாரோடது?" என்று கேட்காமல் கை வைக்க மாட்டார்கள். என் கல்யாண விருந்தில் உச்சகட்டம். பிரியாணி பரிமாறியதும் எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு மேடையில் இருந்த என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் இது ஏதோ எங்கள் வழக்கம் போல என்று அவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை என் காதில், "என்ன ஆச்சு?" என்று கேட்டார். எதைச் சொல்வது, எங்கிருந்து ஆரம்பிப்பது?

கடைசியில் அப்பாதான் எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"நான் விசாரிச்சுட்டேன். ஆட்டோடதுதான். சாப்பிடுங்க!"