கல்யாண ஆல்பத்தில் இல்லாத கால்

பீர்க்கன்கரணை,
செவ்வாய்க்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஆரோன் அவர்களுக்கு லாசரஸ் எழுதுவது. நானும் உங்கள் தங்கை ஹெப்சியும் அவர் கிருபையால் சுகம். கோவிலம்பாக்கத்தில் உங்கள் சுகத்தை விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். போனில் பேசினால் சரியான இடத்தில் உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் சின்மயி என்ற பெண்ணைப் போன வாரம் என் வீட்டுக்கு அனுப்பினீர்களே, ஏன்? எங்கள் கல்யாணத்தன்று போட்டோக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைய இடுப்புக்கு மேலயே எடுங்க தம்பி" என்று சொன்னவர் நீங்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றது உங்களுக்குத் தெரியாது. ஆல்பம் முழுக்க நான் உட்கார்ந்திருக்கிறேன், இல்லாவிட்டால் பூக்கூடைக்குப் பின்னால் நிற்கிறேன். அன்று மறைத்த போலியோ காலை இன்று ஊருக்குக் காட்ட என்ன திடீர் ஆசை? சனிக்கிழமை சர்ச் ஹாலில் படம் ஓடும்போது சபையே 'ஐயோ பாவம்' என்று மூக்கைச் சிந்த, நீங்கள் முன்வரிசையில் "நம்ம மாப்பிள்ளைதான்" என்று சொல்லிக்கொள்ளவா?

வந்த பெண்ணும் லேசுப்பட்டவள் இல்லை. காலைப் பற்றிக் கேட்டால் சொல்ல நறுக்கென்று பதில்கள் வைத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை! பள்ளியில் என்ன பாடம் எடுக்கிறேன், யார்மேல் கோபம் வரும் என்றெல்லாம் கேட்டாள். உங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்; ஹெப்சி கிள்ளினாள். கடைசியில், "உங்களுக்குப் பெரிய கஷ்டம் எது சார்?" என்றாள். "எதிர்வீட்டுக்காரர் கார். கேட்டை அடைச்சு நிறுத்துறாரு, என் மூணு சக்கர ஸ்கூட்டர் வெளிய வராது" என்றேன். சிரித்தாள். எதற்குச் சிரிப்பு?

அப்புறம் ஒலிப்பதிவு செய்யும் பர்வேஸ் எழுந்து, "சார், ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க. இந்த ரூமோட சத்தம் மட்டும் தனியா வேணும்" என்றான். ஆளே பேசாத அறையில் என்ன சத்தம்? எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயை மூடி உட்கார்ந்திருப்பதைப் படமாக்கி, பின்னால் வயலின் வைத்து இழுத்து, சோகமாக்கப் போகிறார்கள். விடுவேனா? அவன் கையைத் தூக்கும்போதெல்லாம் வேண்டுமென்றே பேசினேன்.

"சார், எல்லாப் படத்துக்கும் எடுக்கறதுதான் சார், பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில போட. ப்ளீஸ்."

"அப்போ எல்லாரையும் சோகமா காட்டுறீங்க?"

ஹெப்சிக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, கல்யாணம் ஆனதுலேர்ந்து நானும் இந்த ஒரு நிமிஷத்தைத்தான் கேக்கறேன். உனக்கு மட்டும் கிடைச்சிருமா?"

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கார் வந்து கேட்டை அடைத்து நின்றது. நான் எழுந்து போய், வாயில் வந்ததையெல்லாம் சொல்லிச் சண்டை போட்டேன். "அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா சார்?" என்றார் அந்த மனிதர். "நெனவு தெரிஞ்சதுலேர்ந்து அதான்யா பண்றேன், இனிமே நீ பண்ணு!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் பின்னால் கேமராவோடு நிற்கிறாள். வெட்கமே இல்லை.

ஆகவே மச்சான், என் பகுதி முழுவதையும் படத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்காவிட்டால் உங்கள் மகள் சுஜியின் நிச்சயதார்த்தத்துக்கு நான் வரமாட்டேன். சுஜிக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கு ஸ்தோத்திரம் மட்டும்.

இப்படிக்கு,
லாசரஸ்

பி.கு.: சாயங்காலம் சின்மயி லேப்டாப்போடு வந்து படத்தைக் காட்டிவிட்டுப் போனாள். வயலின் இல்லை. அந்தச் சண்டைதான் இருக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டி, காலில் மாட்டிய காலிப்பர் கம்பி தெரிய, கையை நீட்டிக் கத்திக்கொண்டு நிற்கிறேன். தலையும் காலும் ஒரே படத்தில். "அப்படியே நீங்கதான்" என்றாள் ஹெப்சி. எதையும் நீக்கச் சொல்ல வேண்டாம். இன்னும் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று நானே கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை முன்வரிசையில் எங்களுக்கு இரண்டு இடம் பிடித்து வையுங்கள். அந்தக் காட்சியைப் பெரிய போட்டோவாகப் போட்டுத் தருகிறாளாம். அதை ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். அங்கே இப்போது கோட் சூட்டில் நீங்கள் நிற்கும் படம் இருக்கிறது. உங்களை அடியோடு எடுத்துவிட மனமில்லை. இடுப்புக்கு மேலே விட்டுவைக்கிறேன்.