கொக்கியில் தொங்கிய கட்டில்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு, குறிப்பிட்டுச் சொல்லும்படியாக நடந்த அடுத்த காரியம் எங்கள் ராக் குழுவின் 'கதவில்லா உலகம்' பாட்டு வெளியானதுதான். இடையில் சக்கரம், அச்சு இயந்திரம் என்று சில்லறைச் சம்பவங்கள் நடந்திருக்கலாம். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது என்பதால், குழு என்னை ஒருமனதாகக் 'கொள்கை விளக்கப் பொறுப்பாளர்' ஆக்கியிருந்தது.

வீடில்லாதவர்களின் வலியைச் சொல்லும் பாட்டு. ஆகவே வீடியோ எடுக்க ஒரு வீடு தேவைப்பட்டது. பாடகனின் அக்கா நர்ஸ். கைக்குழந்தையோடு ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தாள். தம்பி கெஞ்சிக் கூத்தாடியதில் மனமிரங்கி, டியூட்டி முடிந்து வரும்போது எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

இயக்குநர் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார். மின்விசிறியைக் கழற்றிவிட்டு அந்தக் கொக்கியில் குழந்தையின் கட்டிலைத் தொங்கவிடுவது, கூடத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் விடுவது, டிரம்ஸ்காரரைத் துணி அலமாரிக்குள் உட்கார வைப்பது என்று தீர்மானங்கள் நிறைவேறின. தண்ணீர் 'சமூகத்தின் கண்ணீர்' என்று நான் விளக்கினேன். கட்டில் ஏன் தொங்க வேண்டும் என்று கிடார்காரர் மட்டும் கேட்டுத் தொலைத்தார்.

"புரிஞ்சுட்டா அப்புறம் எதுக்கு வீடியோ?" என்றார் இயக்குநர். ஆட்சேபணை தள்ளுபடியானது.

சமூகத்தின் கண்ணீர் தரை வழியாகக் கசிந்து, கீழே குடியிருந்த வீட்டுக்காரரின் வழுக்கைத் தலையில் சொட்டியது. மனிதருக்குக் கலை ரசனை போதாது. குடையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர், வார இறுதிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கத்தினார். அந்தக் குடையையும் படம் பிடித்தோம்.

அப்போதுதான் அக்கா வந்தாள். இடுப்பில் குழந்தை. சீருடை நனையத் தண்ணீரில் நின்று, மேலே தொங்கிய கட்டிலைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"பாப்பா இனிமே எங்கடா தூங்கும்?"

கேமராவை நிறுத்த வேண்டாமென்று இயக்குநர் கண்ணாலேயே ஜாடை காட்டினார். நான் படத்தில் விழாதபடி ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். அதுவும் கலைத்தொண்டுதான் என்று தேற்றிக்கொண்டேன்.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. அக்காவின் கேள்வியைச் சின்னப் பிள்ளைகள்கூடப் பாடித் திரிந்தார்கள். அவள் வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் ஆளை அடையாளம் கண்டு உட்கார வைத்து, கூட நின்று படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் விடுகிறவர்களுக்கு வீடில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி ஓய்வறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கிறாளாம். தம்பி போன் செய்தால் எடுப்பதில்லை.

நேற்று விருது விழா. சிறந்த நடிகை அக்காதான். அவள் வரவில்லை. வீட்டை இழந்தவளின் தவிப்பை இவ்வளவு தத்ரூபமாக நடிக்க அந்த அம்மாவுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று நடுவர் மேடையில் கேட்டார். பாடகன் தலையைக் குனிந்துகொண்டான். விளக்கம் சொல்வது என் பொறுப்பல்லவா? ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"பயிற்சியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவங்க வீட்டப் பறிச்சோம், அவ்வளவுதான்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.