ஜன்னல் சீட்டுக்காகக் கைதான கதை

அடுத்தவர்களுக்குத் தண்டனை கொடுப்பதில் நான் ரொம்பத் தாராளமானவள். பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. (ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டி ஒட்டியே இந்தப் புத்தி வந்துவிட்டது என்பார் என் கணவர்.) மதியச் சாப்பாட்டு மேஜையில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள் நாலு பேரையாவது ஜெயிலுக்கு அனுப்பிவிடுவேன். அதிலும் ரோட்டை மறிக்கிறவர்கள் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. ஓசூர் ரோட்டில் சும்மாவே வண்டி நகராது, இதில் மறியல் வேறா என்று பொரிந்து தள்ளுவேன்.

இது நடந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாணியம்பாடியிலிருந்து வந்து ஹெப்பகோடியில் ஒரு லேடீஸ் பி.ஜி.யில் தங்கியிருந்தேன். கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனி அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. பாஸ்போர்ட் மட்டும்தான் பாக்கி. போலீஸ் விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள் வரச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைச் சாட்சிக் கையெழுத்துக்கும் கூட்டிவர வேண்டும். அன்றைக்குத் தவறினால் ஃபைல் திரும்பிப் போய்விடும், என் இடத்துக்கு வேறொரு ஆள் ரெடி. என் அறைத் தோழிகள் இருவரும் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருவதாகச் சொன்னதால், நான் பஸ் ஏறினேன்.

பஸ் ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. நடுரோட்டில் நாற்பது பெண்கள் காலிக் குடங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லையாம். (எங்கள் பி.ஜி.க்கு டேங்கர் வரும். அதனால் ஊரே காய்ந்து கிடந்தது எனக்குத் தெரியவே தெரியாது.) முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, குடங்களைத் தாண்டி நடந்தேன்.

மறியலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிட்டி பஸ், முழுக்கக் காலியாக! பெண்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். விடுவேனா? ஓடிப் போய், இரண்டு பேரை முழங்கையால் ஒதுக்கி, டிரைவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் சீட்டைப் பிடித்தேன். வாசலில் நின்ற பெண் போலீஸ் என் முதுகில் கை கொடுத்து ஏற்றிவிட்டார். எவ்வளவு மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மா நோட்டோடு வந்தார். "ஹெசரு?" என்று பெயர் கேட்டார். பெங்களூர் சிட்டி பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், ஆதாரைக் காட்டினால் போதும். கண்டக்டருக்கும் காக்கிதான். நான் தோள்பட்டை நட்சத்திரத்தையெல்லாம் எங்கே பார்த்தேன்?

"மேடம், மொதல்ல என்னோடத எழுதுங்க. எனக்கு அவசரம்" என்று ஆதாரை நீட்டினேன்.

அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மற்ற பெண்கள் பெயர் சொல்லவே யோசிக்கையில், ஒருத்தி அடையாள அட்டையோடு முன்வந்தால் சும்மாவா? என் பெயரை முதல் வரியில் எழுதி, கார்டையும் வைத்துக்கொண்டார்.

பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் போனது. எனக்கு அதுவும் திருப்தியாகவே இருந்தது. பக்கத்தில் மடியில் குடத்தோடு ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. பெயர் புஷ்பா. அடுகோடித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ஹெப்பகோடியில் வாழ்க்கைப்பட்டவர். அவரிடம் என் சாப்பாட்டு மேஜைப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"பாருங்கக்கா, இவங்களால எத்தன பேருக்குக் கஷ்டம்! ரோட்ட மறிக்கிறவங்க லைசென்ஸப் புடுங்கணும். ஆறு மாசம் உள்ள போடணும். பாஸ்போர்ட்டே குடுக்கக் கூடாது."

முன்னும் பின்னும் குடங்களோடு இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள்.

"எங்களுக்கு லைசென்ஸும் இல்ல, பாஸ்போர்ட்டும் இல்ல கண்ணு" என்றார் புஷ்பக்கா. "உள்ள போடத்தான் இட்டுனு போறாங்க. ஆமா, நீ இன்னாத்துக்கு இந்த வண்டில ஏறுன?"

எழுந்து கதவுக்கு ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. கடைசியில் பஸ் போய் நின்ற இடம் எது தெரியுமா? நான் பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டிய அதே ஸ்டேஷன். மணி பதினொன்றரை.

உள்ளே, என் பெயரை எழுதிய அந்த எஸ்.ஐ. அம்மாவிடம் அழுதேன். கன்னடத்தில் பாதி, தமிழில் பாதி. "தெரியாம ஏறிட்டேன் மேடம். பாஸ்போர்ட் விஷயமா வந்தவ மேடம்."

"எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்க" என்றார் அவரும் பாதித் தமிழில். மற்றவர்களை எச்சரித்து அனுப்பிவிடுவார்களாம். லிஸ்டில் முதலில் இருக்கிறவர்தான் தலைவியாம், அவர் மேல் மட்டும் கட்டாயம் கேஸ். கேஸ் விழுந்தால் பாஸ்போர்ட் ஏது, ஜெர்மனி ஏது? மேஜைமேல் என் ஃபைலும் கிடந்தது, அந்த லிஸ்டும் கிடந்தது. இரண்டிலும் என் பெயர்தான்.

"இது எங்க ஆளு இல்ல மேடம்" என்றார் புஷ்பக்கா பின்னாலிருந்து.

"அது எப்படி நான் நம்புறது?"

"எங்க ஆளா இருந்தா எங்களயே இந்தத் திட்டு திட்டுமா?"

அவ்வளவுதான், நாற்பது பேரும் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "ஆறு மாசம் உள்ள போடணும்னு சொல்லுச்சு மேடம்." "லைசென்ஸப் புடுங்கணும்னு சொல்லுச்சு." பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "பாஸ்போர்ட்டே குடுக்கக் கூடாதுன்னுச்சே, அத விட்டுட்டீங்களே!"

எஸ்.ஐ. என் ஃபைலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். சிமெண்டுத் தரை.

"அது பேர அடிச்சிட்டு அந்த எடத்துல என் பேர எழுதிக்கோங்க மேடம்" என்றார் புஷ்பக்கா. "எல்லாரயும் ரோட்டுக்குக் கூப்ட்டது நான்தானே." ஏதோ ரேஷன் கடையில் வரிசையை விட்டுக்கொடுப்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எஸ்.ஐ. என் பெயரை அடித்துவிட்டு ஆதாரைத் திருப்பிக் கொடுத்தார். அந்த இடத்தில் புஷ்பக்கா பெயரை எழுதினார். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் தோழி போன் செய்தாள். "ரோடு ஃபுல்லா ஜாம்டி. நாங்க ரூமுக்கே திரும்பிட்டோம்."

போச்சு! சாட்சிக்கு ஆள் இல்லை. பாஸ்போர்ட் வேலை பார்க்கும் கான்ஸ்டபிள் கடிகாரத்தைப் பார்த்தார். எச்சரிக்கையோடு விடுதலையாகி வெளியே கிளம்பிய பெண்களில் இருவர் திரும்பி வந்தார்கள். எங்கள் பி.ஜி.க்குப் பின் தெருவாம்.

"இவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

"தெனம் எங்க தெரு வழியாதான் போவும். நின்னு ஒரு வார்த்த பேசாது. மத்தபடி தப்பு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். என் நன்னடத்தைக்குச் சாட்சி, பத்து நிமிஷத்துக்கு முன்னால் விடுதலையான மறியல்காரர்கள்.

பாஸ்போர்ட் வந்தது, ஜெர்மனியும் போய் வந்தேன். புஷ்பக்கா கோர்ட்டுக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது. மூன்று முறையும் லீவு போட்டு நானும் கூடப் போனேன். அபராதத்தை என்னைக் கட்ட விடவில்லை. "நான் பண்ணதுக்கு நீ ஏன் கட்டுவ? தண்ணி வந்துச்சில்ல?" என்றார். (வந்தது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.)

என் கல்யாணத்துக்கு வாணியம்பாடிக்கே வந்திருந்தார். பட்டுப்புடவையில் ஜம்மென்று இருந்தவரைப் பார்த்து மாமியார், "நீங்க பொண்ணுக்கு என்ன முறை?" என்று கேட்டார்.

"நாங்க ஒண்ணா அரெஸ்ட் ஆனவங்கம்மா. லிஸ்ட்ல இவ பேர்தான் மொத பேரு."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் விளக்கி முடிப்பதற்குள் முகூர்த்தமே வந்துவிட்டது.

இப்போது மாமியார் எங்களோடு பெங்களூரில்தான் இருக்கிறார். அபார்ட்மெண்டில் தண்ணீர் நின்றாலும் சரி, லிஃப்ட் நின்றாலும் சரி, சங்கத்துக்காரர்களிடம் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார். "எங்க மருமகளச் சாதாரணமா நெனைக்காதீங்க. தண்ணிக்காக ஜெயிலுக்குப் போனவ" என்று பெருமை வேறு. நான் போனது ஜன்னல் சீட்டுக்காக என்று எத்தனை தடவை சொன்னாலும், தன்னடக்கம் என்கிறார்.